ஜப்பானில் இருந்த கஸ்பர்

கஸ்பர் ஜப்பானில் இருக்கிறான் என்று ரொறொன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் பாதிச் சனத்துக்குத் தெரியும். லோறன்ஸ் அவெனியூவில் மீன்கடை வைத்திருந்தவருக்குத் தெரியும், தமிழ்ப் பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும், ஒஷாவாவில் இருக்கிற ஒன்றுவிட்ட மாமிக்கும் தெரியும். தெரியாமல் இருந்த ஒரே ஆள் கஸ்பர்தான். அந்த நேரம் அவன் வெக்ஸ்போர்ட்டில் தாயின் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில், விக்ரோறியா பார்க் வீதியில் ஒரு அப்பாட்மென்றுக்குள் குந்தியிருந்து, ஜப்பான் பாஷையில் ஜெபத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்காதீர்கள். தொண்ணூற்று நாலாம் ஆண்டு நடந்தது இது. ஆரம்பத்தில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

கஸ்பர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பொடியன். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை மாரடைப்பில் போனபிறகு, தாய் பேர்ணடெற் இவனையும் இழுத்துக்கொண்டு கனடாவுக்கு வந்து சேர்ந்தாள். ஒஃபீஸ் கட்டடங்களைக் கூட்டித் துடைத்துத்தான் அவனைப் படிப்பித்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை: மகன் சுவாமியாராக வேண்டும். மடுமாதாவுக்கு நேர்த்தியும் வைத்திருந்தாள். மாதா அந்த நேர்த்தியைக் கேட்டாவோ, பாதிதான் கேட்டாவோ தெரியாது. மகன் வேதத்துக்குத்தான் போனான். ஆனால் வேறு வேதத்துக்கு. மோர்மன் என்கிற அமெரிக்கச் சபைக்கு.

ஒருநாள் அவன் பழைய சோபா ஒன்றை லிஃப்றுக்குள் ஏற்ற முடியாமல் தனியே மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். அப்போது ரை கட்டின இரண்டு வெள்ளைப் பொடியள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பிறகு இலவச இங்கிலிஷ் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். பிறகு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். கனடா வந்த நாளில் இருந்து, எங்கே வேலை, பேப்பர் வந்துவிட்டதா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கஸ்பர் அதில் விழுந்தான். பகிடிக்கு விழவில்லை, மனதார விசுவாசித்தான்.

அந்தச் சபைப் பொடியள் இரண்டு வருசம் ஊழியத்துக்குப் போவார்கள். எந்த நாடு என்று சபைதான் சொல்லும். கஸ்பருக்கு ஜப்பான் என்று வந்தது. பேர்ணடெற் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், ஒப்பாரி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கீழ்மாடியில் இருக்கிற றோஸ்மேரி கேட்டாள்:

"அன்ரி, கஸ்பரைக் காணேல்லை?"

"அவன் ஜப்பானுக்கெல்லே போட்டான்."

"என்ன, படிக்கவோ?"

"ஓம், படிக்கத்தான்."

நான் பேர்ணடெற்றைக் குறை சொல்லமாட்டேன். கோயில் வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, என்ர பிள்ளை சபை மாறிவிட்டான் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அதோடு, அன்றைக்கு அது முக்கால்வாசி உண்மை. அவன் போகத்தான் இருந்தான்.

ஆனால் போகவில்லை. கஸ்பரிடம் கனடாப் பாஸ்போட் இல்லை, அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம்தான் இருந்தது. பாஷை படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அமெரிக்காவில், அதற்கு ஒரு விசா வேண்டும். ஜப்பானுக்கு இன்னொரு விசா வேண்டும். இரண்டும் வரவில்லை. வரும்வரைக்கும் ரொறொன்ரோவிலேயே ஊழியம் செய்துகொண்டு, ஜப்பான் பொடியன் ஒருவனிடம் பாஷையைப் படி என்று விட்டுவிட்டார்கள். விட்ட இடம் எது? வெக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில். உலகத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி!

அந்த ஊழியக்காரர் சீவியத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். விடிய எழும்பி ஜெபம், பிறகு வேதப் புத்தகம், பிறகு பாஷை. அதன் பிறகு வெள்ளைச் சேட்டும் ரையும் போட்டுக்கொண்டு இறங்கினால் இருட்டும்வரைக்கும் கதவு கதவாகத் தட்டவேண்டும். ஒருவன் தனியாக எங்கும் போகக்கூடாது. ஜோடி என்று ஒருவனைத் தருவார்கள், அவனுடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போகவே கூடாது. ரீவி இல்லை. ரேடியோ இல்லை. தேத்தண்ணி இல்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குத் தேத்தண்ணி இல்லையென்றால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போகக்கூடாது, நினைத்த நேரம் தாயோடு போனில் கதைக்கவும் கூடாது. ஜப்பானில் இருக்கிறவனுக்கு இது ஒரு சட்டமாகவே தெரியாது. தாய் மீன் வாங்குகிற கடையைப் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது சட்டம்.

சேட்டில் குத்தின கறுப்பு அட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்கும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்பது தகப்பன் பெயர். ஆகவே எல்லாரும் அவனை, ஊழியக்காரருக்குரிய பட்டத்தோடு, 'எல்டர் நீக்கிலாப்பிள்ளை' என்று செத்த மனுசனின் பெயரால் கூப்பிட்டார்கள். கஸ்பர் என்று வாய் நிறையக் கூப்பிட ஒரு ஆள் இருக்கவில்லை.

ஜோடிப் பொடியன் பெயர் ஹொரிகாவா. சப்போரோவில் இருந்து வந்தவன், ஒல்லி, கைலேஞ்சியைக்கூட அயன் பண்ணித்தான் மடிப்பான். சட்டம் என்றால் சட்டம். கஸ்பர் யன்னலடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே, "நீக்கிலா, பாடம்" என்பான். கெட்டவன் இல்லை. கஸ்பருக்குக் காய்ச்சல் வந்தபோது இரவிரவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன். ஆனால் நல்லவன் ஒருவனோடு ஒரே அறையில் பூட்டிக் கிடப்பதும் பூட்டிக் கிடப்பதுதான்.

பாஷை மட்டும் கஸ்பருக்குச் சுளுவாக வந்தது. தமிழ் மாதிரியே கடைசியில் வினைச்சொல் வருகிற வசனம். வெள்ளைப் பொடியள் தலையால் கிடங்கு கிண்டிப் படித்ததை இவன் நடந்து நடந்து பிடித்துக்கொண்டான். ஆனால் படித்தது முழுக்கக் கோயில் பேச்சு. 'மனந்திரும்புங்கள்' தெரியும், 'வெங்காயம்' தெரியாது. 'பரலோகம்' தெரியும், 'பஸ் தரிப்பு' தெரியாது. டொன் மில்ஸ் பக்கம் இருந்த ஜப்பான் மனுசிகள் இவனுடைய பேச்சைக் கேட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

உடுப்புத் தோய்க்கிற நாள் ஒன்றில்தான் குட்டு வெளிப்பட்டது. லோண்ட்றியில் மெஷினுக்குள் சேட்டுகளைத் திணித்துக்கொண்டு நின்றவனை யாரோ பின்னால் இருந்து கொலரில் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அம்மா.

"எடேய், நீ இஞ்ச என்ன செய்யிறாய்? நீ ஜப்பானில நிக்கிறாய்!"

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்." பேர்ணடெற் அவனை மெஷின்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "அப்பு, உன்னைக் கும்பிட்டன். லோறன்ஸ் பக்கம் வராதை. எங்கட சனத்தைக் கண்டா மற்றப் பக்கம் திரும்பு. இந்தச் சேட்டோட உன்னைக் கண்டினமெண்டா நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டுதான் சாகவேணும்."

"அம்மா, நான் பொய் சொல்லேலாது."

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம். நீ காணாமப் போனாக் காணும்."

காணாமல்தான் போனான். கதவு தட்டுகிற வேலைக்காரன், தட்டுகிற கதவுக்குப் பின்னால் தமிழ்ப் பேச்சுக் கேட்டால் அடுத்த கதவுக்கு ஓடினான். பஸ்ஸில் ஒரு பெரியவர், "தம்பி தமிழோ?" என்று கேட்டபோது ஜப்பான் பாஷையில் பதில் சொன்னான். மனுசன் பயந்து இரண்டு சீற் தள்ளிப்போய் இருந்தார். ஹொரிகாவாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கஸ்பருக்கு அழுகை வந்தது. போகவேண்டிய நாடு உள்ளே விடவில்லை, இருக்கிற ஊரில் முகம் காட்ட முடியவில்லை, தாய் வீட்டுக் கதவை மிதிக்க முடியவில்லை. இங்கேதான் இருக்கிறேன் என்கிற கொஞ்ச உண்மையையும் அம்மா கோயிலடியில் பொய்யாக்கிவிட்டா என்று அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

இலை கொட்டுகிற காலத்தில் றோஸ்மேரியின் தம்பி அலெக்ஸாண்டர் ஊரில் இருந்து கனடாவுக்கு அகதியாகப் புறப்பட்டான். ஏஜென்ற் அவனைப் பாங்கொக்கில் இருந்து ஜப்பான் வழியாக வான்கூவருக்கு ஏற்றிவிட்டான். ஜப்பான் எயார்போட்டில் பாஸ்போட்டைப் பிடித்துப் பார்த்தவர்கள், இது உன்னுடைய படம் இல்லையே என்று ஒரு அறைக்குள் போட்டார்கள். அங்கிருந்து தமக்கைக்கு ஒரு போன் எடுக்க விட்டார்கள். அவன் அழுத அழுகையில் றோஸ்மேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் அந்தப் பாவிக்கு அது நினைவு வந்தது.

"எடேய் பயப்பிடாதை! பேர்ணடெற் அன்ரியின்ர கஸ்பர் உங்கதான் நிக்கிறான். அவனை அனுப்புவிக்கிறன்."

அலெக்ஸாண்டர் அதைப் பிடித்துக்கொண்டான். ஜப்பானில் அகதி என்று வாயே திறக்காதே, கனடாவில் இறங்கித்தான் கேட்கவேணும் என்று ஏஜென்ற் சொல்லியிருந்தான். ஆகவே அதிகாரிகள் எது கேட்டாலும் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: கஸ்பர் வருவார். அவர்களும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கஸ்பர் வராவிட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

றோஸ்மேரி பேர்ணடெற்றின் கதவடியே கதியென்று கிடந்தாள். மகனின் நம்பரைத் தாங்கோ, விலாசத்தைத் தாங்கோ. பேர்ணடெற் முதலில் அவன் தூர ஊரில் நிற்கிறான் என்றாள். பிறகு அங்கே போன் இல்லை என்றாள். பிறகு, கடவுளே, சொல்லிவிட்டேன், அவன் போவான் என்றும் சொன்னாள். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய். அதை றோஸ்மேரி நம்பி, தம்பி அடுத்த தடவை போன் எடுத்தபோது அவனுக்கும் சொன்னாள்.

வியாழக்கிழமை பின்னேரம் பேர்ணடெற்றால் தாங்க முடியவில்லை. நேரே விக்ரோறியா பார்க்குக்கு வந்து கதவைத் தட்டினாள். பெண்களை உள்ளே எடுக்கக்கூடாது என்று ஹொரிகாவா கதவை மறித்தான், அதனால் நடைபாதையிலேயே நின்று எல்லாத்தையும் கொட்டினாள். 

"அம்மா, அந்தப் பொடியன் எனக்காகவோ காத்துக்கொண்டு இருக்கிறான்?"

"ஓம் அப்பு. நாளைக்கு வெள்ளி. இன்னும் ஒரு நாள் கிடக்கு. ஏதும் செய்யேலாதோ?"

கஸ்பர் தெரிந்த இங்கிலிஷையும் தெரிந்த ஜப்பானையும் குழைத்து ஹொரிகாவாவுக்குச் சொன்னான். அவன் கேட்டுவிட்டு, ஊழியத்துக்குப் பொறுப்பான சபைப் பெரியவரிடம் அனுமதி கேட்கவேண்டும், அவர் வெளியூரில், நாளைக் காலை கேட்போம் என்றான். சட்டம் அல்லவா. சொல்லிவிட்டுக் கதவுக்குள் திரும்பினவன் அப்படியே நின்றான்.

"நீக்கிலா," என்றான். "அங்கே இப்போது வெள்ளிக்கிழமை. அங்கே விடிந்துவிட்டது."

இத்தனை பேரும் ரொறொன்ரோக் கலண்டரில் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பேர்ணடெற் தலையில் அடித்துக்கொண்டாள். ஹொரிகாவா குனிந்து சப்பாத்தைப் போட்டான். லேஸ்கூடக் கட்டவில்லை.

மூன்று பேரும் ஓடிப்போய்த் தட்ட, றோஸ்மேரி கதவைத் திறந்தாள். கஸ்பரைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்த மலர்ச்சியை அவன் சாகும்வரைக்கும் மறக்கமாட்டான்.

"எடேய்! எப்ப வந்தனி? தம்பியைக் கண்டனியோ? கூட்டிக்கொண்டு வந்திட்டியோ?" அவனுக்குப் பின்னால் நின்ற ஜப்பான் பொடியனைப் பார்த்துவிட்டு, நடைபாதையில் இன்னும் யாரும் வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் போகவே இல்லை. இவ்வளவு நாளும் இஞ்சதான் நிக்கிறன்."

றோஸ்மேரி அவனைப் பார்த்தாள், சேட்டில் குத்தின அட்டையைப் பார்த்தாள், பிறகு பேர்ணடெற்றைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். கஸ்பர் நேரே குசினிக்குள் போய் போனை எடுத்தான்.

போனடியில் றோஸ்மேரி எழுதி ஒட்டியிருந்த எயார்போட் நம்பரில் ஒரு அதிகாரி எடுத்தார். கஸ்பர் தன் கோயில் ஜப்பான் பாஷையில், தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன், என் பெயர் கஸ்பர் என்று தொடங்கினான்.

"கஸ்பர்-சான்!" அந்த மனுசனின் குரலில் அப்படி ஒரு ஆறுதல். "வந்துவிட்டீர்களா? எந்த வாசலில் நிற்கிறீர்கள்? ஆள் அனுப்புகிறேன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனை ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். 

"ரொறொன்ரோ," என்றான். "நான் ரொறொன்ரோவில் நிற்கிறேன். நாங்கள் பாவம் செய்தோம். அவர் பாவம் செய்யவில்லை. இரக்கம் காட்டுங்கள்." வேறு சொல் அவனிடம் இல்லை. பக்கத்தில் நின்ற ஹொரிகாவா கண்ணை மூடிக்கொண்டான்.  பிறகு அதிகாரி, கொஞ்ச நேரம்தான் தரலாம், விமானத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டது என்று சொல்லி அலெக்ஸாண்டரைக் கூப்பிட்டார்.

"கஸ்பர் அண்ணை! வந்திட்டியளோ? நான் வெளிக்கிட்டு நிக்கிறன்."

"அலெக்ஸ், நான் கனடாவில நிக்கிறன். உன்ர அக்கான்ர வீட்டில."

"இல்லை அண்ணை. நீங்கள் இஞ்சதான் நிக்கிறியள். அக்கா சொன்னவ."

"நான் ஒருநாளும் அங்க வரேல்லை."

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்?"

 பேர்ணடெற் அவனுடைய கையில் இருந்து போனைப் பறித்தாள்.

"தம்பி, நான் பேர்ணடெற். பொய் சொன்னது நான். என்ர பிள்ளை வேதம் மாறினது வெக்கமெண்டு ஊருக்குப் பொய் சொன்னனான். அதை நம்பி நீ கிடந்திட்டாய். என்னைத் திட்டு, பேசு, ஆனாப் பேந்து பேசு. இப்ப இவன் ஒரு சொல்லுத் தருவான், அதைச் சொல்லு!"

ஹொரிகாவா வருகிற வழியிலேயே அந்தச் சொல்லைக் கஸ்பரின் காதில் போட்டிருந்தான். அகதி என்பதற்கு ஜப்பானில் உள்ள சொல், எந்த ஜெபத்திலும் வராத சொல். கஸ்பர் போனுக்குக் கத்தினான்: "நான்மின்! நான்மின் எண்டு சொல்லு அலெக்ஸ். ஏஜென்ற் சொன்னதை விடு. விடாமச் சொல்லு!"

அலெக்ஸாண்டர் சொன்னான். முதலில் மெல்லமாக, பிறகு அலறி. கதிரை இழுபடுகிற சத்தமும், பலபேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும் கேட்டன. பிறகு லைன் அறுந்தது.

அகதி என்று கேட்டவனை அன்றைக்கு விமானத்தில் ஏற்றவில்லை. வேறு ஒரு மறியலில் கொண்டுபோய் அடைத்தார்கள். றோஸ்மேரி பேர்ணடெற்றைக் கண்டால் காறித் துப்பாத குறை. தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் முழுக்கக் கதையைக் கண் மூக்கு வைத்துப் பரப்பியது. கஸ்பர் இப்போது லோறன்ஸ் அவெனியூவில் தலை நிமிர்ந்து நடக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததை ஹொரிகாவா ஒன்றுவிடாமல் பெரியவரிடம் ஒப்புக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை சட்டத்தை மீறினால் ஜப்பானை மறந்துவிடலாம் என்று கஸ்பருக்குச் சொல்லியாகிவிட்டது. விசா இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்றார்கள்.

பனி கரைகிற நேரம், ஒருநாள் பஸ்ஸில் றோஸ்மேரி ஏறினாள். கஸ்பரைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கம்பியைப் பிடித்துப் பிடித்து அவன் பக்கம் வந்து நின்றாள்.

"தம்பியை வெளியில விட்டிட்டாங்கள். லோயர் பிடிச்சிருக்கு. நேற்றுப் போன் எடுத்தவன்."

"கடவுளே! நல்லது அக்கா."

"உன்ர கொம்மாட்டை ஒரு விசயம் சொல்லச் சொன்னவன். நான் அந்த மனுசியோட கதைக்கமாட்டன், அதால உன்னட்டைச் சொல்லுறன்." அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல் நாள் தான் சாகத்தான் யோசிச்சவனாம். யன்னலில்லாத அறையாம். ஒரு ஆள் வருகுது எண்டு கேட்ட பிறகுதானாம் நித்திரை கொண்டவன். பேந்து எல்லா நாளும் கொண்டவனாம். அது பொய்யெண்டு முதலே தெரிஞ்சிருந்தா, அந்தச் சொல்லைச் சொல்லுறதுக்குத் தான் உயிரோட இருந்திருக்கமாட்டன் எண்டு சொன்னவன்."

அடுத்த தரிப்பில் அவள் இறங்கிப்போய்விட்டாள். கோபம் ஆறினதாகத் தெரியவில்லை.

கஸ்பர் இருந்தான். தாய்க்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போட அனுமதி உண்டு, அதில் எழுதலாம். எழுதினால் போய்ச் சேர நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளும் அம்மா கட்டடங்களைத் துடைத்துக்கொண்டு, ஒரு பொடியனைக் கெடுத்துப்போட்டேன் என்று தனக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பா. பஸ் பேர்ணடெற் இருக்கிற கட்டடத்தை நெருங்கியது. கஸ்பர் எழும்பி மணிக்கயிற்றை இழுத்தான்.

"நீக்கிலா," என்றான் ஹொரிகாவா. "ஜப்பான்?"

"தெரியும்," என்று கஸ்பர் ஜப்பான் பாஷையில் சொல்லிவிட்டு இறங்கினான். ஹொரிகாவாவும் பின்னால் இறங்கினான்.

பேர்ணடெற் கதவைத் திறந்தாள். கையில் கரண்டி, குசினியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மகன் வாசலைத் தாண்டவில்லை.

"அம்மா, அவன் அங்க எல்லா நாளும் நித்திரை கொண்டவனாம். நான் வாறன் எண்டு நினைச்சதாலதானாம் உயிரோட இருக்கிறான்."

எவன் என்று பேர்ணடெற் கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்த கையோடு அப்படியே நிலத்தில் குந்தினாள். நடைபாதையில் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கத் திறக்க, எல்லாரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.